கால் அகற்றி நின்ற எழுத்து

கருவேலிப்படி தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஒரு அரிசிச் சாக்கு. அதற்குள் கறுப்பு வண்ணம் அடித்த ஆறு பிளைவுட் துண்டுகள், நடக்க நடக்க ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. ஏழாவது துண்டு டீ கிளாஸின் வாய் அளவுக்கு ஒரு வட்டம். அது சாக்கில் கிடந்தால் தொலைந்துவிடும் என்று சட்டைப் பையில் போட்டிருந்தேன். கொச்சியில், தோப்பும்படியின் பெயர்ப்பலகைப் பட்டறையைவிட்டு வெளியே வந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். மட்டாஞ்சேரி பஸ்கள் இரண்டு என்னைக் கடந்து போயின. சாக்கோடு ஏறினால் கண்டக்டர் ஏதாவது சொல்வான், நானும் ஏதாவது சொல்வேன். ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும் என்று நடந்தேன்.

அந்த ஏழு துண்டுகளையும் சேர்த்து வைத்தால் ‘சாப்பாடு’ என்று வரும். ஒவ்வொரு எழுத்தும் ஒன்றரை அடி உயரம். அதை ஐந்து மணிக்குள் மட்டாஞ்சேரியில் ஒரு சுவரில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டால் ஒரு அக்காவின் கடை போய்விடும். இரண்டு வருடமாக நான் காலையும் இரவும் சாப்பிட்டு, மத்தியானச் சோற்றையும் கட்டி எடுத்துப் போன கடை அது.

அக்கா தென்காசிப் பக்கம். சுக்கு, மிளகு மூட்டை அடுக்கும் கிடங்குகளுக்கு நடுவே, பழைய கட்டடம் ஒன்றின் முன்னறையில் கடை வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தை வாங்கியவர்கள் மேலே தங்கும் விடுதி கட்டினார்கள். முன்னறை விடுதியின் வரவேற்பறை ஆனது. அக்காவைப் பின்பக்க அறைக்குத் தள்ளிவிட்டார்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு இடுக்கு மட்டும் தெரியும். அதற்குள் முப்பது அடி நடந்தால்தான் அடுப்பு. பழைய ஆட்களுக்கு வழி தெரியும். ஆனால் அங்கே பழைய ஆட்கள் என்று யாரும் நிலைப்பதில்லை. மூட்டை தூக்க வருகிறவர்களும் கட்டட வேலைக்கு வருகிறவர்களும் நாலு மாதம், ஆறு மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த கூட்டம் திருநெல்வேலியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து இறங்கும். வந்தவன் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது கண்ணில் படுவதுதான் கடை. இடுக்கின் வாயருகே இருந்த சுவர்த்துண்டு ஒன்றுதான் அக்காவுக்கு மிச்சம் இருந்தது.

அந்தச் சுவருக்கும் விடுதிக்காரர்கள் ஒரு சட்டம் வைத்தார்கள். வரிசையில் இருக்கிற நாலு கடையின் பெயரும் ஒரே எழுத்தில், ஒரே கறுப்பில் இருக்க வேண்டும். குறித்த நாளில் ஐந்து மணிக்குள் ஏறாத பலகையின் இடத்தில் விடுதியின் விலைப்பட்டியல் மாட்டப்படும். அந்த எழுத்தின் மாதிரி ஒரு தாளில் அச்சாகி எங்கள் பட்டறைக்கு வந்தது. நாலு பலகையையும் செய்ய வேண்டியவன் நான்.

எட்டாம் வகுப்பை முடிக்காமல் வீட்டைவிட்டு வந்தவன் நான். திருப்பூரில் பனியனுக்கு அச்சு அடித்தேன், கோவையில் ஃப்ளெக்ஸ் ஒட்டினேன், பிறகு கொச்சி. எழுத்தைப் படித்ததைவிட வெட்டியதுதான் அதிகம். மலையாள எழுத்துகளை வாசிக்கத் தெரிவதற்கு ஒரு வருடம் முன்பே அவற்றை மரத்தில் அறுத்திருக்கிறேன். அதனால் ஒரு எழுத்தைப் பார்த்தால் அது என்ன சொல்கிறது என்று மனம் கேட்காது. பிளேடு எங்கே திரும்பும் என்றுதான் கேட்கும்.

அந்தத் தாளில் இருந்த எழுத்தை முதல் தடவை நான் சரியாகப் பார்க்கவில்லை. தடித்த ஆங்கில எழுத்து, கறுப்பு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பலகையில் காலி இடம் இருக்கக் கூடாது. ஐந்து எழுத்து ஆறடிப் பலகைக்குப் போதவில்லை என்றால் கம்ப்யூட்டரில் ஓரத்தைப் பிடித்து இழுப்போம். எழுத்து ரப்பர் மாதிரி நீளும். இன்னும் தடிமன் வேண்டும் என்றால் அதே நிறத்தில் சுற்றிலும் ஒரு கோடு போட்டுவிடுவோம். கேரளத்தில் நீங்கள் பார்க்கிற பாதி பலகைகள் அப்படி வீங்கினவைதான். நானும் அக்காவின் கடைக்கு என்று விடுதிக்காரர்கள் எழுதித் தந்த ‘MEALS’ என்ற சொல்லை இழுத்தேன், சுற்றிலும் கோடு போட்டேன், அறுத்தேன். நாலு பலகையும் அப்படியே போயின.

மறுநாள் நாலும் திரும்பி வந்தன. விடுதி மேலாளர் இளவயதுக்காரர், இஸ்திரி போட்ட சட்டை. மாதிரித் தாளை எடுத்து என் பலகை மேல் வைத்தார். “இது அந்த எழுத்து அல்ல. அந்த எழுத்தோட தடிச்ச சேட்டன்” என்றார். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். இழுக்கச் சொன்னவரும் அவர்தான்.

அன்று கோபத்தில்தான் அந்தத் தாளை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். ஆங்கிலச் செய்தித்தாள் எழுத்துக்குக் காலில் செருப்பு போட்ட மாதிரி ஒரு தனிப் பட்டை இருக்கும். பஸ்ஸின் நெற்றியில் எழுதுகிற எழுத்துக்கு எதுவும் இருக்காது, மொட்டையாக முடியும். இது இரண்டும் இல்லை. கோடு நடுவில் கொஞ்சம் ஒடுங்கி, முனைக்குப் போகப் போகத் தானாகவே அகலமாகி, கூரான இரண்டு மூலைகளோடு முடிகிறது. பாதம் என்று தனியாக எதையும் ஒட்டவில்லை, காலே விரிந்து தரையில் ஊன்றுகிறது. மூங்கில் கணுவுக்கு அருகில் பருப்பதுபோல. மூட்டை தூக்குகிறவன் எடை தோளில் விழும் நொடியில் காலை அகற்றி வைப்பானே, அந்த நிற்பு.

அந்த அகலம் மூலைகளில்தான் இருக்கிறது. நான் சுற்றிலும் கோடு போட்டபோது அந்த மூலைகள் எல்லாம் உருண்டுபோயிருந்தன. இழுத்தபோது ஒடுங்கிய நடு பருத்துவிட்டது. மிச்சம் இருந்தது வெறும் தடிமன். மரம் வெட்டும் ரவுட்டர் இயந்திரத்தின் வெட்டுமுனையும் உருளை என்பதால் உள்மூலைகளை அதுவும் மழுக்கியிருந்தது. இரண்டாம் முறை அறுத்தபோது இழுக்காமல், கோடு போடாமல், ஒவ்வொரு உள்மூலையையும் அரம் வைத்து நானே தீட்டினேன். பலகையில் இரண்டு பக்கமும் காலி இடம் விட்டேன். முதலாளிக்கு அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாதிப் பலகை சும்மா கிடந்தால் நமக்கு வேலை தெரியாது என்று ஆட்கள் சொல்வார்கள் என்றார். மேலாளர் தாளை வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அந்த எழுத்து எங்கே பார்த்தாலும் கண்ணில் பட்டது. போர்ட் கொச்சியில் புதிதாகத் திறக்கிற காபிக் கடைகள், சாக்லேட் உறை, சோப்பு டப்பா, கல்யாண அழைப்பிதழில் பெண்ணின் பெயர், சினிமாச் சுவரொட்டி. எல்லா இடத்திலும் ஒன்றிரண்டு சொல்தான், பெரிதாகத்தான். அதன் குணம் அது. கூட்டத்தில் நிற்காது. அக்காவின் விலைப்பட்டியலை ஒரு நாள் விளையாட்டாக அதில் அடித்துப் பார்த்தேன். விரிந்த முனைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, அடிப்பிடித்த சோறு மாதிரி இருந்தது. தனியாக விட்டால் தூரத்திலிருந்து கூப்பிடும். நெருக்கி வைத்தால் யாருக்கும் எதுவும் கேட்காது.

அக்காவுக்கு அழகு ஒரு பிரச்சினையே இல்லை. அவருடைய ஆட்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலமும் மலையாளமும் வாசிக்கத் தெரியாது. தமிழில் போடலாமா என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறார். அந்த எழுத்தில் தமிழ் கிடையாது, அது ஆங்கிலத்துக்கு மட்டும் செய்த எழுத்து என்று பதில் வந்தது. பொய் இல்லை. கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தேன், இல்லை. அன்று சாயங்காலம் தோசைக்கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு அக்கா என்னிடம் கேட்டார்:

“அந்த எழுத்துக்குத் தமிழ் தெரியாதாம்லா. தெரியலன்னா நீ சொல்லிக் குடு. அங்க என்னத்துக்கு உக்காந்திருக்க?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்தக் கடை போனால் ஊருக்குப் போக முடியாது, அங்கே கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் யாரும் இல்லை என்று தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னார். சாம்பார் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில்.

ஒரு வாரம் மதிய இடைவேளைகளில் சிமெண்ட் பையின் உள்தாளில் வரைந்தேன். ‘ட’ சுலபம். ஆங்கில L ஏற்கெனவே பாதி ட. இரண்டு L-ஐ எதிரெதிராக ஒட்டினால் ‘ப’வுக்கு எலும்பு கிடைத்தது, மேலே நிமிர்ந்த இரண்டு கைகளும் முனையில் விரிந்தபோது அந்த எழுத்து இதற்காகவே பிறந்தது மாதிரி நின்றது. ‘ச’ என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. முதலில் எல்லா முனையையும் விரித்தேன், கோமாளி மாதிரி ஆனது. தமிழில் கோடு முடிகிற இடம் குறைவு. பெரும்பாலும் வளைந்து தன்னையே தேடிக்கொண்டு போகிறது. முடியாத கோட்டை விரிக்க முடியாது. விரிவு எங்கே இல்லையோ அங்கே வளைவின் வயிற்றில் கனத்தைக் கொடுத்து, உண்மையிலேயே முடிகிற இடத்தில் மட்டும் மூலைகளைக் கூராக்கினேன். ‘டு’வின் வளைவும் அப்போதுதான் அடங்கியது. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலப் பலகையின் பக்கத்தில் வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளை என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். அது போதும் எனக்கு.

பலகை ஏற்ற வேண்டிய அன்று காலையில் மிச்சப் பிளைவுட்டில் ஜிக்சா ரம்பத்தால் அறுத்தேன். அதே கறுப்பு டப்பாவிலிருந்து இரண்டு பூச்சு. மத்தியானம் முதலாளி பார்த்துவிட்டார்.

விடுதி பெரிய இடம், அடுத்த கட்டடத்தின் வேலையும் வரப்போகிறது, ஒரு சோற்றுக்கடைக்காக அதைக் கெடுக்க முடியாது என்றார். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ‘MEALS’ பலகையோடு இதையும் எடுத்துப் போகிறேன், மேலாளர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கட்டும் என்று சொன்னேன்.

“எடா, நீ இவிடெ பணி செய்யான் வந்ததோ, பள்ளிக்கூடம் நடத்தான் வந்ததோ?” என்றார் முதலாளி. “அந்தச் சாக்கு கேட் கடந்தால் நீயும் கடந்தோ. திரிச்சு வரண்டா.”

திரும்பி வர வேண்டாம் என்று எனக்கு அதற்கு முன்பும் பல ஊரில் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் ஏதாவது தவறு செய்திருந்தேன். குடித்திருந்தேன், தூங்கியிருந்தேன், கை நீட்டியிருந்தேன். முதல் தடவையாக ஒரு தவறும் செய்யாமல் போகிறேன் என்பதே எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. சாக்கைத் தூக்கினேன்.

சுள்ளிக்கல் வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. என்னிடம் எழுத்து இருந்தது, டிரில் இல்லை. சுவரில் துளை போட எதுவும் இல்லாமல் ஏழு மரத்துண்டுகளைத் தூக்கிக்கொண்டு போகிறேன். போதாததற்கு, நான் வெளியேறிய கையோடு முதலாளி ‘MEALS’ பலகையைக் கொடுத்துப் பட்டறையில் பலகை மாட்டுகிற பொருத்துநரை ஸ்கூட்டரில் அனுப்பியிருப்பார். நான் நடந்து சேர்வதற்குள் அந்தச் சுவர் நிரம்பியிருக்கும். வேகமாக நடந்தேன். சாக்கின் ஓரம் தோளை அறுத்தது.

மட்டாஞ்சேரியில் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் சுவரைத்தான் பார்த்தேன். மற்ற மூன்று பலகைகளும் ஏறியிருந்தன. அக்காவின் துண்டு வெறுமையாக இருந்தது. கீழே ஸ்கூட்டர் நின்றது. ‘MEALS’ அதன்மேல் சாய்ந்திருந்தது.

பொருத்துநர் ஆலப்புழைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் சேட்டன் என்று கூப்பிடுகிறவர். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் இடுப்பில் கையை வைத்து நின்றார். இருவரும் ஏற்கெனவே பேசி முடித்திருக்கிறார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“வந்துட்டாம்லா ஓடுகாலி” என்றார் அக்கா. “பஸ்ஸுல வந்தா என்ன, குறைஞ்சா போயிருவ?”

நான் சாக்கைத் தரையில் கொட்டி எழுத்துகளை வரிசையாக அடுக்கினேன். சட்டைப் பையிலிருந்து புள்ளியை எடுத்து ‘ப’வின் தலையில் வைத்தேன். சேட்டன் கிளாஸை வைத்துவிட்டுக் குனிந்து, ஒரு மூலையைக் கட்டைவிரலால் தடவினார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

“அரம் போட்டிட்டுண்டு” என்றார். பிறகு எனக்குக் கேட்கிற மாதிரி அவருக்கே சொல்லிக்கொண்டார்: “மீல்ஸ் மாட்டணும்னுதான் சொல்லி விட்டிருக்கு. எந்தச் சுவரில்னு ஆரும் பறஞ்ஞில்ல.” எந்தச் சுவர் என்று யாரும் சொல்லவில்லையாம்.

அவர் டிரில்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ‘MEALS’ பலகையை இடுக்கின் கடைசியில், சமையலறை வாசலுக்கு மேலே, அளவெடுத்து, ரசமட்டம் வைத்து, ஒரு குறையும் இல்லாமல் மாட்டினார். அதைப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். பிறகு டிரில்லை என் கையில் கொடுத்துவிட்டு, தனக்கு முதுகு வலிக்கிறது என்று மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நாலரை மணிக்கு ‘சாப்பாடு’ ஏறியது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் இரண்டு பக்கமும் காலி இடம் விட்டு, காலை அகற்றிக்கொண்டு. தெருவின் எதிர்க்கோடிக்குப் போய், சுக்குக் கிடங்கின் வாசலில் நின்று பார்த்தேன். அங்கிருந்தும் படிக்க முடிந்தது.

ஐந்து மணிக்கு மேலாளர் தாளோடு வந்தார். சுவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். “சேச்சி, இது லிஸ்டில் இல்லல்லோ” என்றார்.

“நீங்க குடுத்த எழுத்துதான். பக்கத்துப் பலகையோட வச்சுப் பாரு மோனே” என்றார் அக்கா. “ஒரே எழுத்துன்னு சொன்னீங்க. எந்தப் பாஷைன்னு சட்டத்துல இல்ல. மீல்ஸ் வேணும்னா உள்ள இருக்கு, வந்து பாரு.”

அவர் உண்மையிலேயே உள்ளே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து தாளைச் சுவரில் வைத்து, ‘ட’வின் முனையை L-இன் முனையோடு ஒப்பிட்டார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வரும் என்று நான் காலிச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடுதி முதலாளி வருவார், அவர் கழற்றச் சொன்னால் கழற்ற வேண்டியிருக்கும் என்றார்.

“வரட்டும்” என்றார் அக்கா. “சாப்ட்டுட்டுச் சொல்லட்டும்.”

அன்றிரவு சுக்குக் கிடங்குக்குப் பின்னால் நான் தங்கியிருந்த அறையில் வழக்கம்போலப் படுத்தேன். வேலை போனதை நினைத்துத் தூக்கம் கெடவில்லை. தோள் மட்டும் எரிந்தது.

காலையில் இட்லிக்கு உட்கார்ந்திருந்தபோது இடுக்கில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐந்து பேர், கையில் பை, முகத்தில் ரயில் தூக்கம். விழுப்புரம் பக்கத்துப் பேச்சு. இங்கே ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்க வந்ததாகவும், நடக்கிற வழியில் சுவரைப் பார்த்துத் திரும்பியதாகவும் முன்னால் வந்தவர் சொன்னார். அவர்தான் கொத்தனார். வேறு எதையும் கேட்காமல் ஐந்து பேரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அக்கா இலை போட்டார். கையில் கரண்டியோடு ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, உடனே சட்னிச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறாவது ஆள் ஈரோட்டிலேயே இறங்கிப் போய்விட்டான் என்று கொத்தனார் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஆலுவாவில் நாலு மாடி வீடு, கீழே இறக்கி வைத்திருக்கிற வெட்டுக்கல்லை மேலே ஏற்ற ஒரு ஆள் குறைகிறது. உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டார். எழுத்து அறுப்பேன் என்றேன். அதற்கு அங்கே வேலை இல்லை என்றார். கல்லும் தூக்குவேன் என்றேன்.

கை கழுவிவிட்டு அவர்களோடு பஸ் ஏறினேன். பத்து மணிக்கு ஆலுவாவில் தலையில் சும்மாடு வைத்து முதல் கல்லை ஏற்றினேன்.